டயல் மேசை

அக்கா மாட்டிய டயல் மாதிரி அந்தக் கம்பெனியில் எந்த டயலும் சத்தம் கொடுத்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த 'டிக்' வரும்வரை நடுவில் ஒரு முணுமுணுப்பு கிடையாது. இன்ஜினியரே இரண்டு முறை வந்து திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு மேசைங்க இது?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அக்காவுக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுடைய கூடப் பிறந்தவள் அவள். அவன் அக்கா என்று கூப்பிட, பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேருக்கும் அவள் அக்காவாகிப் போனாள். அவளைவிட ஆறு வயது மூத்த ஸ்டோர்காரர்கூட, தலை நரைத்த மனிதர், வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த லென்ஸ் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவளை ஐந்து மாதம் கழித்து இங்கே டயல் மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த மேசைப் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று பேச்சு. இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது.

சட்டைப்பையில் அடங்கிவிடுகிற கேமராதான் அங்கே செய்வது. மேலே வலது ஓரத்தில் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு டயல் இருக்கும். அதைச் சுற்றிப் பத்துப் படம்: ஓடுகிற ஆள், பூ, மலை, நிலா, இப்படி. ஒவ்வொரு படத்திலும் டயல் நிற்க வேண்டும். கேட்டால் நகர வேண்டும், கேட்காமல் நகரக் கூடாது. நிற்க வைப்பது எது தெரியுமா? ஒரு இரும்புக் குண்டு. கடுகைப் பாதியாகக் கிள்ளினால் என்ன அளவு இருக்குமோ அவ்வளவுதான். குண்டுக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங். மேலே, வெள்ளைப் பிளாஸ்டிக் டயலின் அடிப்பக்கம் பத்துப் பள்ளம். குண்டு பள்ளத்தில் போய் உட்காருவதுதான் 'டிக்.'

முதல் நாள் இடுக்கி முனையில் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அக்கா வாயைப் பிளந்தாள்.

"ஏங்க, இத்தனூண்டு சமாசாரமா இதைப் பிடிச்சு நிறுத்துது?"

"அது இல்லேன்னா டயல் காத்தாடியா சுத்தும்கா," என்றார் இன்ஜினியர். சின்னப் பையன் முகம், பெரிய மூக்குக்கண்ணாடி.

"இதை முதல்ல நினைச்சுப் பார்த்தவன் எவனோ, அவனைக் கையெடுத்துக் கும்பிடணும்."

வேலை என்னவோ நாலே படிதான். குழியில் ஸ்பிரிங்கை இறக்கு. குண்டை வை. ஊசிமுனையால் கிரீஸை ஒரு புள்ளி வை. டயலைப் பொருத்தித் திருகை முடுக்கு. மேசையில் ஒட்டியிருந்த தாளில் படம் போட்டே காட்டியிருந்தது. அக்கா அப்படியே செய்தாள், ஒரு படியும் குறைக்கவில்லை. கை பழகியபின், அந்த வாரம் முதல், கூட ஒன்று சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

லென்ஸ் கம்பெனியில் பிசுக்கு என்றால் கொலைக்குற்றம். கண்ணாடிமேல் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் மொத்தத் தட்டும் திரும்பி வரும். பத்தொன்பது வருஷம் அப்படிப் பழகிய கை சும்மா இருக்குமா? கிரீஸ் வைத்தவுடன் குழி ஓரத்தில் பளபளவென்று ஒரு வழிசல் தெரியும். அதைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி ஓரத்தைத் துடைப்பாள். துடைக்கிற வேகத்தில் குண்டையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவாள். குண்டு நட்சத்திரமாக மின்னும். அப்புறம்தான் டயலை மூடுவாள். இதை யாரும் பார்க்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சுத்தமாக வேலை செய்கிறேன் என்று தண்டோரா போடுவாளா என்ன?

வரிசையின் கடைசியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், செக்கிங் மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவள் அவள் தம்பி பெண்டாட்டி. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள், கம்பெனியில் கட்டைவிரல் என்பார்கள். பதினோரு வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது. கேமராவைக் கையில் எடுப்பாள், எல்லாப் பட்டனையும் அமுக்குவாள், டயலை ஒரு சுற்று சுற்றுவாள், தட்டில் வைப்பாள். பக்கத்தில் ஒரு மெஷின், டயல் எவ்வளவு இறுக்கம் என்று எண் காட்டும். அவள் அதை மரியாதைக்கு ஒரு தடவை பார்ப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெஷின் எல்லாவற்றுக்கும் பச்சை விளக்குக் காட்டியது. சின்னவள் அந்த வாரம் வந்த நானூற்றுப் பன்னிரண்டு கேமராவையும் ஓரங்கட்டி மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டாள்.

மஞ்சள் சீட்டு என்றால் நிறுத்து என்று அர்த்தம். சும்மா ஒட்ட முடியாது. எந்த மேசையில் தப்பு, எந்தப் பொருளில் தப்பு என்று எழுத வேண்டும். எழுதியது பொய்த்துப் போனால் எழுதியவர் செக்கிங் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். சின்னவள் மேசை என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். பொருள் என்ற இடத்தில், 'கிரீஸ் டப்பா சரியில்லை' என்று எழுதினாள்.

விஷயம் சாயங்காலம் பஸ்ஸிலேயே அக்கா காதுக்கு வந்து, அவர்களோடு வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வெளியே மழை. மாடியில் இரண்டே அறை, ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத் துணி. அக்கா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூன்று தடவை துடைத்த மேடை.

"ஏம்மா, ஊரே நல்லாருக்குன்னு சொல்றது உனக்கு மட்டும் ஏன் ஆகல?"

சின்னவள் சோற்றைப் பிசைந்தபடி, "நல்லா இல்லேன்னு நான் சொல்லல அண்ணி. அளவுக்கு மேல நல்லாருக்குன்னு சொல்றேன்," என்றாள்.

"இது என்ன பேச்சு? அளவுக்கு மேல நல்லாருந்தா தப்பா?"

"டயல்னா விரலுக்குக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும். இது கல்லுல கல்லு உரசுற மாதிரி இருக்கு. இன்னைக்கு ஜோரா இருக்கும். வாங்கினவங்க நாலு மாசம் திருப்பினா தொளதொளன்னு ஆயிடும். பையிலேர்ந்து எடுக்கறப்பவே பூவுலேர்ந்து நிலாவுக்குப் போயிடும்."

"இதெல்லாம் உன் கட்டைவிரல் சொல்லுச்சாக்கும்."

"ஆமா."

தம்பி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நான் போய் பஸ்ஸைக் கழுவிட்டு வர்றேன்," என்றான். வீட்டில் இரண்டு பெண்களின் குரல் உயர்ந்தால் அவன் பஸ் கழுவப் போய்விடுவான். அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு பளபளப்பான பஸ் கிடையாது.

"மழை பெய்யுதுடா," என்றாள் அக்கா.

"ஒரு பக்கம்தான் நனையும். இன்னொரு பக்கம் நான் கழுவுறேன்."

அவன் போனதும் சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணி, நாளைக்கு கிரீஸைக் கொஞ்சம் தாராளமா வைங்க. வச்சது வச்சபடி இருக்கட்டும், அதை ஒண்ணும் பண்ணாதீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "எனக்கு வேலை சொல்லித் தர்றியா? நீ பள்ளிக்கூடம் போறப்பவே நான் லென்ஸ் துடைச்சவ. உன் வீட்டுல சாப்பிடறேன்ங்கறதுக்காக என் கைவேலையையும் உன்கிட்ட ஒப்படைக்கணுமா?"

சின்னவள் எழுந்து கை கழுவப் போனாள். அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நாத்தனார் பேர் எடுக்கக் கூடாது என்ற பொறாமை என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதினாள். எழுதிய தீர்ப்பு அவளைத் தூங்க விடவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் ஸ்டோர்காரர் தாம்தூம் என்று குதித்தார். "இருபத்திரண்டு வருஷமா ஸ்டோர் பார்க்கறேன். என் டப்பா மேல பழியா? இன்ஜினியரே, சோதிச்சுப் பாருங்க. தப்பிருந்தா அந்தக் கிரீஸை நானே தின்னுடறேன்."

இன்ஜினியர் சோதித்தார். கிரீஸ் ஒன்றாம் நம்பர். மதியச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் எல்லோரையும் செக்கிங் மேசைக்குக் கூப்பிட்டார். டயல் மேசைக்காரியும் வர வேண்டும் என்றதால் அக்கா கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

மேனேஜர் கத்துகிற மனிதர் இல்லை. அதுதான் பயம். "மெஷின் சரிங்குது. கிரீஸ் சரி. நாலு மணிக்கு லாரி வந்து நிக்கும். நீ எழுதின காரணம் தப்புன்னு ஆயிடுச்சு. வேற காரணம் இருக்கா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "டயல் சரியில்ல சார். காரணம் எனக்குத் தெரியல."

"பதினோரு வருஷத்துல நீ இப்படிச் சொன்னதே இல்லியேம்மா. நாளையிலேர்ந்து நீ அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் போகணும். தெரியும்ல?"

"தெரியும் சார். லாரி வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் கொடுங்க. அந்த நானூத்திப் பன்னெண்டுல ஏதாவது ஒரு கேமராவை நீங்களே எடுத்துக் கொடுங்க. நான் திருப்பிக்கிட்டே இருக்கேன்."

ஸ்டோர்காரருக்குக் கோபம் தீரவில்லை. "டப்பாவுலயும் தப்பு இல்ல, டயல்லயும் தப்பு இல்ல. ஒருவேளை டப்பாவுல இருக்கற கிரீஸ் டயலுக்குப் போய்ச் சேரவே இல்லையோ என்னவோ!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அக்கா திரும்பித் தன் மேசையில் கிடந்த ஸ்பிரிட் குச்சியைப் பார்த்தாள்.

போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததும் அவள்தான் துடைத்துவிட்டாள். 'வச்சது வச்சபடி இருக்கட்டும்' என்று நேற்று ராத்திரி ஒருத்தி சொன்னாளே. அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். மூடிய டயலுக்கு வெளியே இருந்துகொண்டு, உள்ளே துணி பட்டதை ஒரு கட்டைவிரல் கண்டுபிடித்திருக்கிறது. மேசை என்ற இடத்தில் அக்காவின் மேசை எண்ணை எழுதியிருந்தால் விவகாரம் அங்கேயே தீர்ந்திருக்கும். எழுதவில்லை. கோடு இழுத்துவிட்டு, பாவம் அந்தக் கிரீஸ் டப்பாமேல் பழியைப் போட்டிருக்கிறாள். அந்தப் பொய்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

சின்னவள் உட்கார்ந்து திருப்ப ஆரம்பித்தாள். எல்லோரும் கையுறை போட்டுத்தான் வேலை செய்வார்கள். அவள் மட்டும் வலதுகைக் கையுறையில் கட்டைவிரலை வெட்டிவிட்டிருப்பாள், தோல் படாமல் ஒன்றும் தெரியாது என்பாள். டிக், டிக், டிக். இன்ஜினியர் பக்கத்தில் நின்று எண்ணும் கருவியை அமுக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டு திருப்பினாள். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஐந்நூறு. எண்ணூறு. டயலின் விளிம்பில் பிடிப்புக்காகச் சின்னச் சின்ன வரி வெட்டியிருக்கும். அது தோலைத் தின்றுகொண்டிருந்தது. கட்டைவிரல் சிவந்து பளபளத்தது. ஆயிரத்து இருநூறில் அவள் தலை லேசாகச் சாய்ந்தது.

"ஆரம்பிச்சிடுச்சு," என்றாள்.

இன்ஜினியர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். மெஷினில் மாட்டினார். பச்சை விளக்கு. மேனேஜர் திருப்பினார், ஒன்றும் தெரியவில்லை. கேமரா கை மாறி அக்காவிடம் வந்தது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். டிக், டிக். அவள் பெருமைப்பட்ட அதே சத்தம். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லையே என்பதுதான் அவளை உலுக்கியது. தன் கையால் மாட்டிய டயலுக்குள் நடப்பது தனக்குத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிகிறது. இது என்ன விரல்! கடவுளே, இது என்ன விரல்!

சின்னவள் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆயிரத்து எழுநூறு. டயல் விளிம்பில் ஈரமாக ஏதோ மினுங்கியது. தோல் உரிந்துவிட்டது. வாசலில் லாரியின் ஹாரன் கேட்டது.

"நிறுத்தும்மா!" என்றாள் அக்கா. கூட்டம் விலகியது. "நிறுத்து, போதும். சார், நான்தான் துடைச்சேன்."

"எதைங்க?"

"கிரீஸை. வைப்பேன். வச்சதும் ஸ்பிரிட்டால துடைச்சிடுவேன். வழியுதே, அசிங்கமா இருக்கேன்னு. குண்டையும் சேர்த்துத்தான். நானூத்திப் பன்னெண்டுலயும் அப்படித்தான் பண்ணிருக்கேன். இவளுக்கு அது தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமதான் டப்பான்னு எழுதினா."

"அண்ணி, சும்மா இருங்க!" சின்னவள் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "இன்னும் முந்நூறு தடவை திருப்பினா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"தெரியறதுக்குள்ள உனக்கு விரல் இருக்காதுடி."

மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் திருகைக் கழற்றி டயலைத் தூக்கினார். உள்ளே மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூள். காய்ந்த குண்டு பள்ளத்தின் ஓரத்தை அரித்துத் தின்றிருந்தது. பெரிதாக்கிக் காட்டுகிற திரையில் வைத்து அளந்தார்.

"அடேயப்பா," என்றார். "ஓரம் தேஞ்சது ஒரு தலைமுடியில நாலுல ஒரு பங்கு சார். ஆயிரத்து எழுநூறுல இவ்வளவு. இவங்க சொன்னது ஆயிரத்து இருநூறுல. அப்ப இதைவிடக் கம்மியா இருந்திருக்கும். துடைச்சதனாலதான் சத்தம் அவ்வளவு சுத்தமா வந்திருக்கு. நான் என்னடான்னா ரெண்டு தடவை வந்து பாராட்டிட்டுப் போனேன்."

அங்கே நின்றிருந்தவர்கள் திரையைப் பார்க்கவில்லை. சின்னவளின் கையைப் பார்த்தார்கள். அவள் அதை முந்தானையில் சுற்றி மறைத்துக்கொண்டாள். ஸ்டோர்காரர் போய் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று. மேனேஜர் அக்காவைப் பார்த்து, "நானூத்திப் பன்னெண்டையும் நீங்களே திறந்து, நீங்களே கிரீஸ் வைக்கணும். அதுக்கப்புறம் டயல் மேசையில உங்களை வச்சுக்க முடியாதும்மா," என்றார். சின்னவளைப் பார்த்து, "பொய்க் காரணம் எழுதாதே. அடுத்த தடவை நாற்காலி இருக்காது," என்றார்.

"துடைக்கிற கையைத் துடைக்கிற இடத்துல போடுங்க சார்," என்றார் ஸ்டோர்காரர். "பேக்கிங்குல கடைசியாத் துடைச்சு உறையில போடறதுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க." மேனேஜர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவரிடம் அதுதான் சரி.

அன்று பஸ்ஸில் தம்பி கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டினான். வீடு வந்ததும் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வாளியைத் தூக்கினான்.

"வச்சுட்டு உட்காருடா," என்றாள் அக்கா. சின்னவளுக்கு அவளே சோறு பிசைந்து ஊட்டினாள். இரண்டு வாய் போனபின் கேட்டாள்: "என் மேசையை ஏம்மா எழுதல?"

"எழுதினா அன்னைக்கே உங்களை அனுப்பிடுவாங்க. அப்புறம் நீங்க நாள் முழுக்க வீட்டுல உட்கார்ந்து எதையெல்லாம் துடைப்பீங்க? என்னால ஆகாதுப்பா சாமி."

தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. சின்னவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க வந்த புதுசுல அஞ்சு மாசம் அந்த ஜன்னலை விட்டு நகரல அண்ணி. வேலைக்குப் போன அன்னைக்குத்தான் பஸ்ஸுல சத்தமா பேசிச் சிரிச்சீங்க. பின்னாடி சீட்டுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே வந்தேன். அதைப் போய் நான் எப்படி எழுதுவேன்?"

அக்கா உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். இவளையா பொறாமைக்காரி என்று தீர்ப்பு எழுதினோம்! "என்னை மன்னிச்சிடும்மா," என்று வாய்விட்டே சொன்னாள்.

மூன்று நாள் அக்கா டயலாகக் கழற்றினாள். பள்ளம் தேய்ந்த அந்த ஒரு டயலை மட்டும் மாற்றினாள். ஒவ்வொன்றிலும் கிரீஸ் புள்ளி வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நொடி நிற்பாள். துடைக்காமல் இருக்க அவளுக்கு அவ்வளவு பாடு. ஒவ்வொன்றும் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போயிற்று. கட்டுப் போட்டால் தெரியாது என்று சின்னவள் கட்டைப் பிரித்துவிட்டு, வெறும் விரலால் ஒவ்வொன்றையும் திருப்பினாள். எட்டுத் திரும்பி வந்தது. 'கிரீஸ் கொஞ்சம் அதிகம்' என்று அவள் எழுதியிருந்தாள். அக்கா திறந்து பார்த்தாள். அந்த எட்டிலும் ஒரு பொட்டு அதிகம்தான்.

நான்காம் நாள் அக்கா பேக்கிங் பெல்ட்டில் நின்றாள். கேமரா உடம்பில் பட்ட கறையைத் துடைத்து உறையில் போட வேண்டும். மெத்தென்ற துணி, நல்ல வெளிச்சம். அவளுக்கென்றே செய்த வேலை. முதலாவதாக வந்தது அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.

அக்கா அதைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகச் சாய்த்தாள். டயலுக்குக் கீழே, கறுப்பு உடம்பில், ஒரு கட்டைவிரல் ரேகை. வளைந்து வளைந்து போகிற கோடுகள். நடுவில் கோடு அறுந்து ஒரு வெற்றிடம். தோல் உரிந்து இன்னும் ஆறாத இடம் அது. இத்தனை வருஷத்தில் எத்தனை லட்சம் ரேகையைத் துடைத்திருப்பாள்! இது யாருடைய விரல், இந்த விரல் என்ன பார்த்தது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வாங்குகிறவர் பூவை எடுப்பார், பிள்ளையை எடுப்பார், நிலாவை எடுப்பார். டயல் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். இப்படி ஒருத்தி இருந்தாள் என்று அவருக்குத் தெரியப் போவதே இல்லை.

துணி பிடித்த கை எழவில்லை.

"அக்கா, பெல்ட்டு நிக்குது! அதுல அப்படி என்ன அழுக்கு?" என்று பக்கத்தில் நின்றவள் கத்தினாள்.

"அழுக்கு இல்லடி," என்றாள் அக்கா.

துடைத்தாள். உறையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது.